சவ்வை உரிக்கும் கத்திகள்: இரைப்பைக்கு எது, உணவுக்குழாய்க்கு எது

இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ சளிச்சவ்வோடு நின்றுவிட்ட சின்னப் புற்றை, வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே சுற்றி வெட்டி, அடியோடு உரித்து எடுக்கலாம். இ.எஸ்.டி. என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சைக்கான கத்திகள் பல வடிவங்களில் விற்கின்றன. எல்லா விளம்பரத் தாளிலும் ‘பாதுகாப்பானது, வேகமானது’ என்றே இருக்கும். புதிதாக இ.எஸ்.டி. தொடங்கும் பிரிவு ஒன்றுக்கு எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது, எதை வாங்காமலே இருக்கலாம் என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த மதிப்புரையின் வேலை. வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை சொல்லப்பட்டிருந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால், நுனி குட்டையாகவும் நுனியிலிருந்தே தண்ணீர் பாய்ச்சக்கூடியதாகவும் உள்ள கத்தியை வாங்குங்கள். டூயல் நைஃப் ஜே அந்த வகை. ஃப்ளஷ் நைஃப் பி.டி.யும் அதே வகை. இரைப்பை நோயாளிகள் அதிகம் வரும் இடத்தில் இரண்டாவதாக ஐ.டி. நைஃப் 2. மூன்றாவது ஹுக் நைஃப். இவற்றுக்கெல்லாம் முன்னால் ரத்தத்தை நிறுத்தும் ஃபோர்செப்ஸ் (கவ்வும் இடுக்கி), ஸ்கோப்பின் முனையில் மாட்டும் நுனித் தொப்பி, கார்பன் டை ஆக்ஸைடு ஊதும் கருவி மூன்றும் அறையில் இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் எந்தக் கத்தியையும் பரிந்துரைக்க மாட்டோம்.

கம்பி வளையத்தைப் போட்டு இறுக்கி அறுக்கும் பழைய முறையான இ.எம்.ஆர். இன்னும் பயனுள்ளதுதான். 1 செ.மீ. அளவுள்ள கட்டிக்கு அது தாராளமாகப் போதும். 2 செ.மீ.யைத் தாண்டினால் கட்டி துண்டு துண்டாகத்தான் வரும். துண்டுகளை ஒட்டவைத்துப் பார்க்க, சதையை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் பேத்தாலஜிஸ்ட்டால் முடியாது. ஓரம் சுத்தமாக இருக்கிறதா, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் போகும். அதே இடத்தில் திரும்ப முளைப்பதும் அதிகம். ஒரே துண்டாக எடுக்க வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்திலிருந்துதான் 1990களில் ஜப்பானில் இந்தக் கத்திகள் பிறந்தன.

கத்தி வேலை செய்யும் இடம் மிகவும் ஒல்லியானது. மேலே சளிச்சவ்வு, அதற்குக் கீழே பஞ்சு போன்ற சப்மியூகோசா, அதற்கும் கீழே தசை. சப்மியூகோசாவுக்குள் திரவம் ஏற்றினால் அது பணியாரம் போல உப்பும். அந்த உப்பலுக்குள் மட்டும் கத்தி ஓட வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே போனால் தசை, அதையும் தாண்டினால் ஓட்டை. எனவே ஒரு கத்தியை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் நுனியின் நீளத்தையும், நுனி தசையை நோக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும்தான்.

ஐ.டி. நைஃப் 2

டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் உருவானது ஐ.டி. நைஃப். சாதாரண ஊசிக் கத்தியின் முனையில் 2.2 மி.மீ. விட்டமுள்ள ஒரு பீங்கான் உருண்டையைப் பொருத்தினார்கள். பீங்கானில் மின்சாரம் பாயாது என்பதால் நுனி தசையைத் தொட்டாலும் குத்தாது. வெட்டுவது பக்கவாட்டில் இருக்கும் கம்பி மட்டுமே. முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. பக்கவாட்டாகத் திருப்பி வெட்டும்போது உருண்டை சவ்வில் சிக்கி நின்றுவிடும். ஐ.டி. நைஃப் 2இல் உருண்டையின் முதுகுப்புறம் மூன்று கை கொண்ட சின்ன உலோகத் தகட்டைச் சேர்த்ததும் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. வெட்டும் கம்பியின் நீளம் 4 மி.மீ.

வேகத்தில் இதை மிஞ்சும் கத்தி இல்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில், சிறு வளைவில் (இரைப்பையின் குட்டையான விளிம்பு), நீண்ட இழுப்பில் சவ்வைச் சர்ரென்று திறந்துகொண்டு வரும். ஆனால் இது தனியாக வேலை செய்யாது. கட்டியைச் சுற்றி எல்லைக் குறியாகப் புள்ளி வைக்க வேறொரு கத்தி வேண்டும். உருண்டை உள்ளே நுழைய முதல் ஓட்டை போடவும் ஊசிக் கத்தி வேண்டும். எனவே ஒரு நோயாளிக்கு இரண்டு கத்திப் பொட்டலம் பிரிப்பதுதான் இதன் உண்மையான செலவு. கணக்குப் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பயன்படுத்தும் திசையும் மாறும். கட்டியின் தொலைவுப் பக்கத்தில் ஓட்டை போட்டு, உருண்டையை உள்ளே விட்டு, ஸ்கோப்பை நோக்கி இழுத்துக்கொண்டு வர வேண்டும். தசைக்குச் செங்குத்தாகத்தான் நெருங்க முடியும் என்ற இடத்தில் 4 மி.மீ. நீளம் எதிரியாகிவிடும். பெரு வளைவின் (இரைப்பையின் நீண்ட விளிம்பு) மேற்பகுதி அப்படிப்பட்ட இடம். பழைய புண் தழும்பேறிய சப்மியூகோசாவில் உருண்டைக்கு இடமே இருக்காது. மழுங்கிய பொருளைக் கல்லில் திணிப்பது போலத் தள்ள வேண்டிவரும். தள்ளினால் உள்ளே இருப்பது தெரியாமல் போகும். அங்கேதான் ஓட்டை விழுகிறது. கம்பியில் கரி ஒட்டிக்கொண்டாலும் வெட்டு மந்தமாகும். அப்போது மின்சக்தியைக் கூட்டாதீர்கள். கத்தியை வெளியே எடுத்து ஈரத் துணியால் துடைத்தால் பழையபடி வெட்டும்.

அதன் தம்பியான ஐ.டி. நைஃப் நானோவில் உருண்டை 1.7 மி.மீ., கம்பி 3.5 மி.மீ. உணவுக்குழாய்க்கும் பெருங்குடலுக்கும் என்று சிறிதாக்கப்பட்டது. உணவுக்குழாயில் சுற்று வெட்டு முடிந்து, சவ்வு திறந்து, நடுப்பகுதியை வேகமாக உரிக்க இது மிக நல்லது. தொடக்கம் முதல் கடைசி வரை இது ஒன்றே போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

டூயல் நைஃப் ஜே, ஃப்ளஷ் நைஃப் பி.டி.

டூயல் நைஃபின் முனையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். கம்பியை உள்ளே இழுத்துவிட்டால் குமிழ் மட்டும் வெளியே நிற்கும். அந்த நிலையில் சுற்றிப் புள்ளி வைக்கலாம். கம்பியை வெளியே நீட்டினால் இரைப்பைக்கானதில் 2 மி.மீ., உணவுக்குழாய்க்கும் பெருங்குடலுக்குமானதில் 1.5 மி.மீ. ‘ஜே’ என்ற எழுத்து சேர்ந்த வகையில் முனையிலிருந்து திரவம் பாயும்.

இந்த ஒரு வசதி அறையின் தாளத்தையே மாற்றுகிறது. பழைய முறையில் உப்பல் இறங்கியதும் கத்தியை வெளியே எடுத்து, ஊசியை உள்ளே விட்டு, திரவம் ஏற்றி, திரும்பக் கத்தியை விட வேண்டும். ஒரு கட்டிக்கு இப்படிப் பத்து இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்பின் நிலை மாறும். பார்த்துக்கொண்டிருந்த ரத்தக்குழாய் மறையும். முனையிலிருந்தே 1 மி.லி. பாய்ச்ச முடிந்தால் கை அசையாமல் வேலை தொடரும். ஆனால் முதல் உப்பலை மட்டும் தனி ஊசியால்தான் ஏற்ற வேண்டும். சவ்வு திறக்காத நிலையில் முனையை வைத்துப் பீய்ச்சினால் பெரும்பாலும் திரவம் வெளியேதான் சிதறும். இன்னொன்று, ஹயலுரோனேட் போன்ற கெட்டியான திரவத்தை இந்தச் சின்னத் துளை வழியாகத் தள்ளுவது கடினம். டெக்னீஷியனின் கட்டைவிரலுக்குத் தெரியும். முதல் உப்பலுக்குக் கெட்டித் திரவம், பிறகு கத்தி வழியாகச் சலைன் என்று பிரித்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இதன் அபாயம் வெளிப்படையானது. முனையில் காப்பு கிடையாது. முனை தசையை நோக்கினால் வெட்டிவிடும். எனவே தசைக்கு இணையாகக் கத்தியை வைத்திருப்பதே இதைப் பயன்படுத்தும் கலை. அதற்குத்தான் நுனித் தொப்பி. உரிந்த சவ்வின் அடியில் தொப்பியை நுழைத்து மேலே தூக்கினால் சப்மியூகோசா நார்கள் இழுபட்டுத் தெரியும். அந்த நார்களின் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே வெட்டிக்கொண்டு போகலாம். சவ்வை ஒட்டி மிகவும் மேலே வெட்டினால் சதைத்துண்டின் அடி ஓரம் சிதைந்து, அறிக்கையில் ஆழம் சொல்ல முடியாமல் போகும். அது இரைப்பையில் ஓட்டை போடுவதை விட அமைதியான தவறு என்பதால் பலர் கவனிப்பதில்லை.

ஜப்பானிய மருத்துவர் டொயோனாகா வடிவமைத்த ஃப்ளஷ் நைஃப் இதே சிந்தனையில் வந்தது. தண்ணீர் பாய்ச்சும் கத்திகளுக்கு முன்னோடி. பி.டி. வகையின் முனையில் உருண்டை இருப்பதால் சின்ன ரத்தக்குழாயைக் கருக்கி அடைப்பதில் சற்றே கைதேர்ந்தது. இரண்டில் எது கிடைக்கிறதோ, எதற்கு உங்கள் ஊரில் தடையில்லாமல் வரத்து இருக்கிறதோ, அதையே வாங்குங்கள். ஆறு மாதம் ஒன்றைப் பழகிவிட்டு இன்னொன்றுக்கு மாறுவதுதான் நஷ்டம்.

நுனி நீளத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ‘2 மி.மீ.தான் கையிருப்பில் இருக்கிறது’ என்று அதையே உணவுக்குழாயில் போடக் கூடாது. உணவுக்குழாய்க்கு வெளிப்புற உறை இல்லை. அங்கே விழும் ஓட்டை நேராக நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதிக்குப் போகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் அங்கே நிஜமானது.

ஹுக் நைஃப்

ஜப்பானின் நாகானோவில் உள்ள சாகு மத்திய மருத்துவமனையில் மருத்துவர் ஓயாமா வடிவமைத்தது. ஊசியின் முனை செங்கோணத்தில் வளைந்து 1.3 மி.மீ. நீளமான ஒரு கை இருக்கும். மாங்காய் பறிக்கும் தொரட்டியின் வேலைதான். நாரை மாட்டு, குழாயின் உள்பக்கமாக இழு, தசையிலிருந்து விலகியதைப் பார், பிறகு மின்சாரம் கொடு. கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கைப்பிடியைச் சுழற்றித் தீர்மானிக்கலாம். வெட்டும் கணத்தில் கத்தி எப்போதும் தசையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே இதன் பெரிய பாதுகாப்பு.

தழும்பேறிய இடத்தில், மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் சேர்ந்து ஆடும் உணவுக்குழாயில், இதைப் போல நம்பிக்கை தரும் கத்தி குறைவு. விலையாகக் கொடுப்பது நேரம். ஒரு தடவைக்கு ஒரு சின்னப் பிடி நார்தான் அறுபடும். சுழற்றும்போது கத்தியின் வளைந்த கை சொன்ன திசைக்கு உடனே வராது. ஸ்கோப் மிகவும் வளைந்திருந்தால் இன்னும் மோசம். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே திசையைச் சரிசெய்துகொண்டு போனால் தொல்லை பாதியாகும்.

கத்தரிக்கோல் வடிவத்தில் வரும் எஸ்.பி. நைஃப், கிளட்ச் கட்டர் இரண்டும் இதே குணமுள்ளவை. கடித்து, தூக்கி, சரியான நார்தானா என்று பார்த்து, பிறகு அறுக்கலாம். தவறு என்றால் விட்டுவிடலாம். கற்றுக்கொள்பவர் கையில் மிகவும் பொறுமையான கருவி. எர்பே நிறுவனத்தின் ஹைப்ரிட் நைஃப் ஊசியே இல்லாமல் உயர் அழுத்த நீரால் சவ்வை உப்பவைக்கும். அதற்குத் தனியாக நீர்ப்பீச்சுக் கருவி வேண்டும். ஏற்கெனவே அது இருக்கும் இடத்துக்கு மட்டும் பொருத்தம்.

கத்திக்கு முன்னால் வாங்க வேண்டியவை

இ.எஸ்.டி.யில் நேரம் வீணாவது வெட்டுவதில் அல்ல, ரத்தத்தில். ஒரு தடவை பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் திரை முழுக்கச் சிவந்துவிடும். பார்க்காமல் சூடு வைப்பதும், வைத்த சூடு தசையில் விழுவதும், மறுநாள் அங்கே ஓட்டையாவதும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். எனவே கோஆகிராஸ்பர் போன்ற ஃபோர்செப்ஸ்தான் முதல் செலவு. இரைப்பைக்கு வாய் அகன்றது, உணவுக்குழாய்க்குச் சிறியது. இரண்டையும் வைத்திருங்கள்.

சரியான முறை இதுதான். ஸ்கோப்பின் தண்ணீர்ப் பீச்சால் கழுவி, ரத்தம் ஊறும் புள்ளியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளியை மட்டும் கவ்வ வேண்டும். கவ்விய பிறகு திரும்பக் கழுவி, ரத்தம் நின்றுவிட்டதா என்று சோதிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கவ்வியது தவறான இடம். நின்றிருந்தால் தசையிலிருந்து கொஞ்சம் தூக்கி, ஒன்றிரண்டு விநாடி மட்டும் ‘சாஃப்ட் கோஆக்’ கொடுக்க வேண்டும். இந்த வகை மின்னோட்டத்தில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் கீழேயே நிற்பதால் தீப்பொறி பறக்காது. சதை கருகாமல், வெட்டுப்படாமல், வெந்து சுருங்கும். ரத்தக்குழாயை அறுந்த பிறகு பிடிப்பதை விட, அறுப்பதற்கு முன்பே பார்த்து இருபுறமும் தோலுரித்தாற்போல் நாரை விலக்கி, பிடித்து வேகவைத்துவிட்டு அறுப்பது எவ்வளவோ மேல். இரைப்பையின் மேல் பாகத்தில் தடித்த குழாய்கள் இருக்கும். அங்கே இது கட்டாயம்.

கத்திக்கு மின்சாரம் கொடுக்கும் காட்டரி மெஷினின் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சவ்வைத் திறக்க ‘எண்டோகட்’, உரிக்க ‘ஸ்விஃப்ட்’ அல்லது ‘ஃபோர்ஸ்டு கோஆக்’, ரத்தம் நிறுத்த ‘சாஃப்ட் கோஆக்’ என்ற மின்னோட்ட வகைகளின் வரிசை பொதுவானது. ஆனால் வி.ஐ.ஓ. 300டி மெஷினுக்குக் கட்டுரையில் படித்த எண்ணை அப்படியே வி.ஐ.ஓ. 3இல் போடக் கூடாது. இரண்டின் அளவுகோலும் வேறு. கத்தி வெட்டவில்லை, கருகிக்கொண்டே போகிறது என்று வரும் புகார்களில் கத்தியைக் குறை சொல்வதற்கு முன் நோயாளியின் தொடையில் ஒட்டிய பிளேட் முழுதாகப் படிந்திருக்கிறதா, மெஷினில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள்.

திரவத்தில் சலைன் மலிவு, ஆனால் சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டுவிடும். கிளிசரால் கலவை அதை விட நிற்கும். 0.4 சதவீத சோடியம் ஹயலுரோனேட் நீண்ட நேரம் நிற்கும். உணவுக்குழாய்க்கும் தழும்பேறிய இடத்துக்கும் செலவைப் பார்க்காமல் அதையே எடுக்கலாம். இண்டிகோ கார்மைன் சில துளி சேர்த்தால் சப்மியூகோசா நீலமாகவும் தசை வெள்ளையாகவும் பிரிந்து தெரியும். இது கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு. ஊசி போட்டும் இடம் உப்பவில்லை என்றால் மூன்று காரணங்கள் உண்டு. ஊசி தவறான அடுக்கில் இருக்கலாம், தழும்பு இருக்கலாம், அல்லது புற்று ஆழமாகப் போயிருக்கலாம். மூன்றாவது என்றால் கத்தியை எடுக்காமல் நிறுத்த வேண்டிய இடம் அது. இரண்டாவது காரணத்தை நாமே உண்டாக்குவதுதான் வருத்தம். சின்னக் கட்டியில் ஏழெட்டு இடத்தில் பயாப்ஸி எடுத்து அனுப்பினால், பிறகு உரிப்பவருக்குத் தழும்புதான் மிஞ்சும். சந்தேகம் தீர ஒன்றிரண்டு துண்டு போதும்.

கட்டியை இழுத்துப் பிடிக்க ஒரு கிளிப்பும் பல் இடுக்கில் போடும் ஃப்ளாஸ் நூலும் போதும். சுற்று வெட்டு முடிந்ததும் கிளிப்பில் நூலைக் கட்டி, சவ்வின் விளிம்பில் மாட்டி, நூலை வாய் வழியாக வெளியே விட்டு லேசாக இழுத்தால், புத்தகப் பக்கம் திரும்புவது போல அடிப்பக்கம் திறந்து காட்டும். உணவுக்குழாயில் இது நேரத்தைக் குறைக்கிறது என்பது ஜப்பானில் நடந்த ஒப்பீட்டு ஆய்விலேயே உறுதியானது. இரைப்பையில் எல்லா இடத்திலும் லாபமில்லை. பெரு வளைவில்தான் பலன். விலை உயர்ந்த இழுவைக் கருவிகளை வாங்குவதற்கு முன் இதைப் பழகுங்கள்.

எந்தக் கட்டிக்கு, எந்த ஒழுங்கில்

இரைப்பையில் ஜப்பானிய வழிகாட்டிகள் தரும் அளவுகள் தெளிவானவை. சளிச்சவ்வுக்குள்ளேயே நிற்கும், நன்கு வேறுபட்ட (இயல்பான செல்லின் சாயல் மாறாத) செல்கள் கொண்ட புற்று. புண் இல்லை என்றால் எந்த அளவாக இருந்தாலும் எடுக்கலாம். புண் அல்லது தழும்பு இருந்தால் 3 செ.மீ. வரை. வேறுபாடு குறைந்த வகை என்றால் புண் இல்லாமல் 2 செ.மீ. வரை. நன்கு வேறுபட்ட வகைக்கு இந்த அளவுகளை விரிவாக்கிச் சோதித்த ஜே.சி.ஓ.ஜி. 0607 என்ற ஜப்பானிய ஆய்வில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 97 சதவீதம். எடுத்த பிறகு ஆழம் இரைப்பையில் சளிச்சவ்வின் அடியில் உள்ள மெல்லிய தசைப்படலத்துக்குக் கீழே 500 மைக்ரானுக்குள் இருக்கிறதா, உணவுக்குழாயில் 200 மைக்ரானுக்குள் இருக்கிறதா என்பதும் கணக்கில் சேரும்.

இரைப்பையில் கட்டியின் விளிம்பிலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளிப் புள்ளி வைத்து, புள்ளிக்கு வெளியே வெட்ட வேண்டும். உணவுக்குழாயில் விளிம்பைக் கண்ணால் நம்பக் கூடாது. லூகால் அயோடின் தெளித்தால் நல்ல சவ்வு பழுப்பாகும், புற்று சாயமேறாமல் நிற்கும். அயோடின் ஒவ்வாமை, தைராய்டு பற்றி முன்பே கேட்டிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோடியம் தயோசல்ஃபேட் தெளித்து எரிச்சலைத் தணிக்க வேண்டும். உணவுக்குழாயில் இரைப்பைப் பக்க வெட்டை முதலில் போட்டு வையுங்கள். அது இல்லாமல் மேலிருந்து உரித்துக்கொண்டு போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நல்ல சவ்வுக்கு அடியில் சுரங்கம் நீண்டுகொண்டே போகும். சுற்று முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டிவிடாமல் ஒரு பக்கத்தை விட்டுவைத்தால் உப்பல் சீக்கிரம் இறங்காது.

ஓட்டை விழுந்தால் பதற வேண்டியதில்லை. வேலை நடக்கும்போதே கண்ணில் படும் சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை கிளிப்பால் மூடிவிடக்கூடியவை. ஆனால் பார்த்த உடனேயே கிளிப் போட்டுவிட்டால் அந்தக் கிளிப்பே மீதி வேலைக்குத் தடையாக நிற்கும். ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் உரித்து இடம் ஏற்படுத்திக்கொண்டு பிறகு மூடுங்கள். உள்ளே ஊதியது காற்றாக இல்லாமல் கார்பன் டை ஆக்ஸைடாக இருந்தால் அது வேகமாக உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் இந்த நிதானம் கிடைக்கிறது. வயிறு பலூன் போல இறுகினால் ஊசி போட்டு வாயுவை வெளியேற்ற வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரின் கண் எப்போதும் வயிற்றின் மேல் இருக்கட்டும்.

உணவுக்குழாயின் சுற்றளவில் முக்கால் பாகத்துக்கு மேல் உரித்தால் ஆறும்போது சுருங்கி அடைத்துக்கொள்ளும். கத்தி எதுவானாலும் இது வரும். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் புண்ணின் மீந்த சப்மியூகோசாவில் போடுவது ஒரு வழி. தசைக்குள் போய்விட்டால் பின்னால் ஓட்டையாகும் ஆபத்து உண்டு. இன்னொரு வழி ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, நாளுக்கு 30 மி.கி.யில் தொடங்கி 8 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது. சர்க்கரை நோயாளிக்கும் பழைய காசநோய் உள்ளவருக்கும் இதை எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டு நோயும் எவ்வளவு சாதாரணம் என்பதை ஜப்பானியக் கட்டுரைகள் நமக்காகக் கணக்கில் எடுக்காது.

முன்சிறுகுடலுக்கு இந்தக் கத்திகளில் எதையும் பரிந்துரைக்கவில்லை. சுவர் மெல்லியது, வளைவில் ஸ்கோப் நிலைக்காது, உரித்த இடத்தில் பித்தமும் கணையநீரும் படுவதால் இரண்டு மூன்று நாள் கழித்தும் ஓட்டை விழும். 1 செ.மீ.க்குள் இருக்கும் அடினோமாவை (புற்றாக மாறக்கூடிய கட்டி) மின்சாரமே இல்லாத கம்பி வளையமான கோல்டு ஸ்னேரால் எடுத்துவிடலாம், 2 செ.மீ. வரை தண்ணீர் நிரப்பி, நீருக்கடியில் ஸ்னேர் போடும் முறை நன்றாக வேலை செய்கிறது. வெட்டிய இடத்தைக் கிளிப்பால் மூடிவிடுங்கள். அதற்கு மேல் பெரியதை, நிறைய செய்து பழகிய மையத்துக்கே அனுப்ப வேண்டும்.

சவ்வுக்கு அடியில் தசையிலிருந்து முளைக்கும் சின்னக் கட்டிகள் வேறு சாதி. எண்டோஸ்கோப் வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நான்காம் அடுக்கில், அதாவது தசையில், தெரியும் கட்டியை மேலிருந்து உரிக்கப் போனால் அடியில் தசையே மிஞ்சாது. உணவுக்குழாயில் அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே சவ்வைத் திறந்து, சுரங்கம் போட்டுப் போய் எடுக்கும் முறை உண்டு. ஷாங்காயின் ஜோங்ஷான் மருத்துவமனை மருத்துவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். சுமார் 3.5 செ.மீ. அகலத்துக்கு மேல் போனால் சுரங்கத்தின் வழியே கட்டி வெளியே வராது. ஜி.ஐ.எஸ்.டி. என்ற, புற்றுத்தன்மை கொள்ளக்கூடிய வகையில் கட்டியின் உறை கிழியாமல் எடுப்பதே எல்லாவற்றையும் விட முக்கியம். அறிகுறி எதுவும் தராத சின்ன லியோமயோமாவை (புற்றல்லாத தசைக்கட்டி) எடுக்காமல் கவனித்து வருவதே பெரும்பாலும் சரி.

ஒரு தடவை பயன்படுத்திய கத்தியைக் கழுவித் திரும்ப எடுப்பது பற்றி: கூடாது. தண்ணீர் போகும் அந்தச் சின்னக் குழாயை உள்ளே சுத்தம் செய்ய வழியே இல்லை. ஐ.டி. நைஃபின் பீங்கானில் விழுந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. விரிசல் விழுந்த உருண்டை காப்பு அல்ல. குமிழைச் சுற்றி இறுகிய கரி கம்பியைப் பாதியில் சிக்கவைக்கும்.

வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை சுமார் 8 வாரம்; இரைப்பைப் புண் ஆற அவ்வளவு நாள் ஆகும். ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும், ஆனால் இரண்டு வாரம் வரை வரலாம். மலம் தார் போலக் கறுத்தால், தலைசுற்றினால், நேரே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு எப்போது நிறுத்தினோம், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்ற தேதியும் அதே தாளில் இருக்க வேண்டும். ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் அதற்கும் மருந்து கொடுத்து முடிக்க வேண்டும். மீந்த இரைப்பையில் புதிதாகப் புற்று முளைப்பதை அது குறைக்கிறது.

கடைசியாக, எடுத்த துண்டு. அதை அப்படியே ஃபார்மலின் டப்பாவில் போட்டால் சில நிமிடங்களில் வெற்றிலை போலச் சுருண்டுவிடும். ஓரம் எது, அடி எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. காய்வதற்கு முன்பே தெர்மாகோல் அல்லது கார்க் பலகையில் சவ்வுப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் விளிம்பு முழுக்கக் குத்துங்கள். ஊசி மிக நெருக்கமாகவும் வேண்டாம், சவ்வு கிழியும்படி இழுக்கவும் வேண்டாம். வாய்ப்பக்கம் எது, இரைப்பையில் என்றால் எந்தச் சுவர் என்று பலகையிலேயே பேனாவால் எழுதி, பலகையைக் கவிழ்த்து, சவ்வு முழுதும் 10 சதவீத ஃபார்மலினில் மூழ்கும்படி வையுங்கள். பேத்தாலஜிஸ்ட்டிடம் 2 மி.மீ. இடைவெளியில் முழுவதையும் வெட்டிப் பார்க்கும்படி விண்ணப்பத்தாளில் எழுதி, புள்ளிகள் தெரியும் எண்டோஸ்கோப்பிப் படத்தின் நகல் ஒன்றையும் அதோடு இணைத்து அனுப்புங்கள்.